கர்ப்பகாலத்தில் மூலம்: வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்கும் கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். எடை, ரத்த அழுத்தம், குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் பார்த்து, மாத்திரையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்புறம், கூட வந்த மாமியாரையோ கணவரையோ முன்னால் அனுப்பிவிட்டு ஒருத்தி மட்டும் திரும்பி வருவாள். "சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்" என்று குரலைத் தாழ்த்தும்போதே எனக்குப் புரிந்துவிடும். பல பேர் இந்த ஒரு கேள்வியைக் கேட்க இரண்டு மாதம் வலியோடு காத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சிஸ்டர், கழுவும்போது பட்டாணி மாதிரி ஏதோ தட்டுப்படுது. இது மூலம்தானா?

பெரும்பாலும் அதுதான். ஆசனவாயைச் சுற்றி எல்லோருக்கும் மெத்தை போல ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அவை வீங்கிப் புடைத்தால் அதற்குப் பெயர் மூலம். உள்ளே வீங்கினால் உள்மூலம்: வலி அதிகம் இருக்காது, மலம் போகும்போது பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் மட்டும் சொட்டும். வெளியே தோலுக்கு அடியில் வீங்கினால் வெளிமூலம்: அந்த இடத்தில் தோலின் வலி நரம்புகள் இருப்பதால் உட்கார்ந்தாலே வலிக்கும், அரிக்கும், எரியும்.

ஆனால் ஆசனவாயில் வலித்தால் அது மூலமாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெடிப்பாக இருக்கலாம், சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம். ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, துணியால் மூடி, அந்த இடத்தை மட்டும் பார்ப்பார்கள். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்றால் அதைத் தயங்காமல் கேளுங்கள். நாங்கள் தினமும் பார்க்கும் விஷயம் இது. உங்களைப் பற்றி யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

எனக்கு முன்னாடி இது இருந்ததே இல்லை. மாசமான பிறகு ஏன் வந்துச்சு?

கர்ப்பகாலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ரத்தக் குழாய்ச் சுவர்களைத் தளர்த்திவிடும். அதே ஹார்மோன் குடலின் ஓட்டத்தையும் மந்தமாக்குவதால் மலம் உள்ளேயே தங்கி, தண்ணீர் வற்றி இறுகிப்போகும். மாதம் ஏற ஏறக் கருப்பையின் கனம் இடுப்புப் பகுதி ரத்தக் குழாய்களை அழுத்தும். இதற்கெல்லாம் மேல் நாம் முக்குகிறோம். அதனால்தான் ஏழாம் மாதத்துக்குப் பிறகும், பிரசவம் ஆன முதல் மாதத்திலும் இந்தத் தொல்லை அதிகம்.

"உடம்பு சூடு, கோழிக்கறி தின்ன, அதான்" என்று மாமியார் திட்டுறாங்க. நிஜமா?

கோழிக்கறி மூலத்தை உண்டாக்காது. ஆனால் கறியில் நார்ச்சத்து துளியும் கிடையாது. கறியும் சோறும் மட்டுமே சாப்பிட்டு, காய் தொடாமல், தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் மறுநாள் மலம் கல்லாகிவிடும். அவர்கள் கண்ணால் பார்த்தது சரிதான், காரணம்தான் வேறு. கர்ப்பிணிக்குப் புரதம் கட்டாயம் வேண்டும். கறி சாப்பிடுங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் பொரியல் இருக்கட்டும். காரம் பட்டால் எரிச்சல் கூடுகிறது என்று உங்களுக்கே தெரிந்தால் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ளுங்கள், போதும்.

குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? முக்கினா பிரசவ வலி வந்துடுமோன்னு பயமா இருக்கு.

மூலத்தால் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. கழிவறையில் முக்குவதால் குழந்தை வெளியே வந்துவிடாது. பயந்து மலத்தை அடக்குவதுதான் ஆபத்து: அடக்க அடக்க அது இன்னும் இறுகும், மறுநாள் இன்னும் வலிக்கும். உந்துதல் வந்தவுடன் போய்விடுங்கள். ரத்தப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தால் உங்களுக்கு ரத்தசோகை வரலாம், அது குழந்தையையும் பாதிக்கும். அதனால் ரத்தத்தை மட்டும் மறைக்கவே கூடாது.

வலி தாங்க முடியலை. இன்னைக்கு ராத்திரிக்கு வீட்டிலேயே என்ன செய்யறது?

அகலமான பிளாஸ்டிக் டப்பில் நான்கைந்து அங்குலம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, இடுப்புப் பகுதி நனையும்படி 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும், முழங்கையை விட்டுப் பாருங்கள். உப்பு, மஞ்சள், டெட்டால் எதுவும் வேண்டியதில்லை. டெட்டால் போட்டு எரிந்துபோய் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, முக்கியமாக மலம் கழித்த பிறகு. எட்டாம் ஒன்பதாம் மாதமென்றால் தரையில் இருந்து எழுந்திருக்கக் கஷ்டம், டப்பை உறுதியான ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். பனிக்குடம் உடைந்திருந்தாலோ, பிறப்புறுப்பில் ரத்தம் வந்தாலோ தண்ணீரில் உட்காராமல் நேராக மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

வீக்கம் அதிகமாக இருந்தால் ஐஸ் கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள், வெறும் ஐஸை நேரடியாக வைக்காதீர்கள். கழுவிய பிறகு தேய்க்காமல் மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பின் மீது உள்ள அழுத்தம் குறையும், வலியும் கொஞ்சம் அடங்கும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வாங்கித் தருகிறார்கள். அதில் வெகுநேரம் உட்கார்ந்தால் நடுப்பகுதி தொங்கி வீக்கம் கூடலாம், சாதாரண மெத்தைத் தலையணையே நல்லது.

தினமும் ரெண்டு வாழைப்பழம் சாப்பிடறேன். அப்படியும் மலச்சிக்கல் போகலையே?

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஒரு கப் வெள்ளைச்சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. இட்லி, தோசை, சோறு என்று மூன்று வேளையும் அரிசியிலேயே ஓடினால் இரண்டு பழம் ஈடுகட்டாது. அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 6 கிராம் கிடைக்கும். நடுத்தர அளவுக் கொய்யாப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். வாழைத்தண்டு, அவரைக்காய், கொத்தவரை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு எல்லாம் விலை குறைவுதான், வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும். மதியம் சோற்றுக்குச் சமமாகக் காய் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும், ஒரு வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள்.

தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்து வேலை செய்யாது, தண்ணீர் குறைந்தால் இன்னும் அடைத்துக்கொள்ளும். இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை குடியுங்கள். வெளியூர் பேருந்தில் வேலைக்குப் போகிற பெண்கள் கழிவறை இல்லை என்று காலையில் இருந்து மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை. அவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை மோசமாக இருப்பதைப் பார்க்கிறேன். எழுந்தவுடன் இரண்டு டம்ளர், வேலை செய்யும் இடத்தில் கழிவறை இருந்தால் அங்கே போனதும் இரண்டு டம்ளர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவர்கள் பேரீச்சம்பழம், வாழைப்பழத்தை விட்டுக் கொய்யா, சுண்டல் பக்கம் போகலாம்.

பப்பாளி சாப்பிடலாமா?

பழுத்த பப்பாளி அளவாகச் சாப்பிடலாம். காயும் செங்காயும் கூடாது, அதில் உள்ள பால் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. முழுதும் பழுத்ததா என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள், கொய்யா இருக்கிறதே.

சிவப்பு மாத்திரைதான் காரணம்னு சொல்றாங்க. நிறுத்திடட்டுமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும் என்பது உண்மை. ஆனால் 2019–21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பிரசவ நேரத்தில் ரத்தம் போனால் தாங்குவதற்கு உடம்பில் இருப்பு வேண்டும். மூலத்தில் ரத்தம் போகிற பெண் இரும்பு மாத்திரையையும் நிறுத்தினால் இரண்டு பக்கமும் நஷ்டம். ஒரு பெண் வலிக்குப் பயந்து இரண்டு மாதம் மாத்திரையை அலமாரியில் ஒளித்து வைத்தாள். ஏழாம் மாதம் பார்த்தபோது ஹீமோகுளோபின் ஏழரை. கர்ப்பிணிக்குக் குறைந்தது 11 இருக்க வேண்டும். அவளிடம் முன்பே நானாகக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றும். அதற்குப் பிறகு மாத்திரை கொடுக்கும்போதே "மோஷன் சரியாகப் போகிறதா" என்று எல்லோரிடமும் கேட்டுவிடுகிறேன்.

வழிகள் இருக்கின்றன. மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். மருத்துவர் வேறு வகை இரும்புக்கு மாற்றலாம், சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம், ரத்தம் மிகக் குறைவாக இருந்தால் ரத்தக் குழாய் வழியாக இரும்பு ஏற்றலாம். கால்சியம் மாத்திரையும் சிலருக்கு மலத்தை இறுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இதில் எதை மாற்றுவதானாலும் மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள்.

மாத்திரை போட்டதில் இருந்து மலம் கறுப்பா போகுது. உள்ளே ரத்தமா?

இரும்பு மாத்திரை போட்டால் மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போவது இயல்பு. ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றத்தோடு, மயக்கமும் சேர்ந்து வந்தால் அது வேறு. உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பாட்டி விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்றாங்க. குடிக்கலாமா?

கர்ப்பத்தில் கூடாது. விளக்கெண்ணெய் குடலோடு கருப்பையையும் சுருங்கத் தூண்டும். நிலாவரைப் பொடி, நாட்டு மருந்துக்கடைப் பேதிச் சூரணம் இவற்றையும் சொந்தமாக எடுக்க வேண்டாம்.

உணவாலும் தண்ணீராலும் சரியாகவில்லை என்றால் இசப்கோல் உமி நல்லது. அது உடம்பில் சேராது, குடலில் தண்ணீரைப் பிடித்து மலத்தை மெத்தென்று ஆக்கும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு தேக்கரண்டி ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். இரும்பு மாத்திரையோடு சேர்க்காதீர்கள், இடைவெளி விடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மருத்துவர் லாக்டுலோஸ் சிரப் எழுதுவார். பலன் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், முதல் நாளே "வேலை செய்யலை" என்று பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை இருப்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மெடிக்கலில் கேட்டா ஆயின்மென்ட் தர்றாங்க. போடலாமா? வலி மாத்திரை?

மூலத்துக்கான களிம்புகளில் பொதுவாக இரண்டு மூன்று மருந்து கலந்திருக்கும்: மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு, சிலவற்றில் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து. மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பைச் சில நாட்கள் போடலாம், நன்றாகக் கேட்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்களுக்குச் சில களிம்புகள் ஒத்துவராது. பக்கத்து வீட்டுக்காரர் போட்டதை வாங்கிப் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வலி மாத்திரையில் பாராசிட்டமால் போடலாம், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும், கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தருகே உள்ள ரத்தக் குழாயையும் பாதிக்கலாம். மருந்துக்கடையில் மாத்திரையைக் கத்தரித்து உதிரியாகக் கொடுத்தால் பெயரைப் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

துத்தி இலையும் கருணைக்கிழங்கும் மூலத்துக்கு நல்லதுன்னு சொல்வாங்களே?

கருணைக்கிழங்கைப் புளி சேர்த்து நன்றாக வேகவைத்துக் குழம்பாகச் சாப்பிடலாம், அது உணவு. லேகியம், சூரணம் என்று வந்தால் கதை வேறு. அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, கருவுற்றவளுக்கு எவ்வளவு தாங்கும் என்பது பட்டம் பெற்ற சித்த மருத்துவருக்குத்தான் தெரியும். பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது. அங்கே போய் "நான் இத்தனை மாதம்" என்று சொல்லிக் கேளுங்கள். துத்தி இலை, குப்பைமேனி என்று அரைத்து அந்த இடத்தில் கட்டுவது வேண்டாம், ஏற்கெனவே புண்பட்ட தோலில் கிருமி சேரும்.

இந்தியன் டாய்லெட் நல்லதா, வெஸ்டர்னா?

குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் மலம் எளிதாக இறங்கும். வயிறு பெரிதான பிறகு அப்படி உட்கார முடியாதவர்கள் வெஸ்டர்னில் உட்கார்ந்து, காலுக்கடியில் அரையடி உயரத்துக்கு ஒரு பலகை வைத்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொள்ளலாம். எதுவானாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

ரத்தம் வருது, ஆனா எங்கிருந்து வருதுன்னே தெரியலை.

இதில் நேரம் கடத்தக் கூடாது. சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணியால் ஆசனவாயைத் தனியாகவும் பிறப்புறுப்பைத் தனியாகவும் ஒற்றிப் பாருங்கள். மலம் போகும்போது மட்டும், பளிச்சிவப்பாக, ஆசனவாயில் இருந்து சில சொட்டு வந்தால் அடுத்த நாள் பரிசோதனைக்கு வந்தால் போதும். பிறப்புறுப்பில் இருந்து என்றாலோ, பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றாலோ மூலம் என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள். வயிற்று வலியோ, குழந்தை அசைவு குறைவோ சேர்ந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். அவசரமில்லாத சந்தேகமென்றால் தமிழ்நாட்டில் 104க்குப் பேசிக் கேட்கலாம்.

கண்ணாடித் துண்டு அறுக்கற மாதிரி வலிக்குது. போய் வந்த பிறகும் ஒரு மணி நேரம் எரியுது.

இது பெரும்பாலும் மூலம் இல்லை, ஆசனவாய் வெடிப்பு. இறுகிய மலம் தோலைக் கிழித்துவிடும், மலத்தின் மேல் கோடு போல ரத்தம் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவதும் மலத்தை மென்மையாக்குவதும் இதற்கும் பொருந்தும், களிம்பு மட்டும் வேறு. காய்ச்சலோடு விண்விண்ணென்று தெறிக்கிற வலி இருந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம், அதை அன்றே காட்டிவிட வேண்டும்.

நேத்து ராத்திரி திடீர்னு நீலமா ஒரு கட்டி. உட்காரவே முடியலை. அறுவை சிகிச்சையா?

வெளிமூலத்துக்குள் ரத்தம் உறைந்திருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் வலி உயிர் போகும், பிறகு தானாக அடங்கத் தொடங்கி ஓரிரு வாரத்தில் சுருங்கும். தாங்க முடியாத வலியென்றால், முதல் மூன்று நாட்களுக்குள் வந்தால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து உறைந்த ரத்தத்தை எடுக்கலாம். கர்ப்பிணிக்கும் அதைச் செய்ய முடியும். உள்மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் போட்டுச் சுருங்க வைப்பது, பெரிய அறுவை சிகிச்சை போன்றவற்றைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிவைப்பதுதான் வழக்கம்.

உள்மூலம் வெளியே இறங்கிவிட்டால், இடது பக்கமாகப் படுத்துக் கை கழுவி, கொஞ்சம் வாஸலின் தடவி மெதுவாக உள்ளே தள்ளலாம். போகவில்லை, கறுத்துக்கொண்டு வருகிறது, வலி ஏறுகிறது என்றால் அன்றே அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்க வேண்டும். "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இன்றி ஒரே நாளில்" என்று சுவரில் எழுதியிருக்கும் இடங்களுக்குப் போகவே போகாதீர்கள். படிக்காதவர்கள் என்ன மருந்தென்று தெரியாமல் ஊசி போட்டு, அந்த இடமே வெந்து அழுகிப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூலம் இருந்தா சிசேரியன்தான் பண்ணுவாங்களா?

இல்லை. மூலத்துக்காக மட்டும் சிசேரியன் செய்வதில்லை. சுகப்பிரசவத்தில் முக்கும்போது வீக்கம் கொஞ்சம் கூடலாம், உள்மூலம் வெளியே வரலாம், பிறகு சுருங்கிவிடும். பிரசவ அறைக்குப் போகும்போதே "எனக்கு மூலம் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சிசேரியன் செய்துகொண்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்குப் பிறகும் வலி மருந்தாலும் படுக்கையாலும் மலச்சிக்கல் வரும்.

குழந்தை பிறந்தாச்சு. பத்தியம்னு தண்ணியே தரமாட்டேங்கிறாங்க, காயும் இல்லை. வலி முன்னைவிட அதிகமா இருக்கே?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். பூண்டுக்குழம்பும் சோறும், லேகியமும், ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீரும். தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். இரண்டும் உண்மை இல்லை. தாய்ப்பால் சுரக்கத் தண்ணீர் வேண்டும், தையல் போட்ட பெண்ணுக்கு மலம் மெத்தென்று போக வேண்டும். நான் பெரியவர்களோடு சண்டை போடுவதில்லை. "அம்மா, பூண்டுக்குழம்பு கொடுங்க, ரொம்ப நல்லது. கூடவே முருங்கைக்கீரையும் அவரைக்காயும் வேகவைத்துக் கொடுங்க. தண்ணியைக் கொதிக்க வைத்து ஆற வைத்துப் பிளாஸ்கில் ஊற்றிப் பக்கத்தில் வையுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். சோம்பு, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்தால் அவர்களுக்கும் சம்மதமாகிவிடும்.

இசப்கோலும் லாக்டுலோஸும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுக்கலாம். தையல் பிரிந்துவிடும் என்று பயந்து மலத்தை அடக்க வேண்டாம், சுத்தமான துணியால் தையல் மேல் லேசாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போங்கள். இரும்பு மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் போட வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இது தானா போயிடுமா? அடுத்த குழந்தைக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கணுமா?

பெரும்பாலானவர்களுக்குப் பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் சுருங்கிவிடும். ஓரத்தில் சிறிய தோல் மடிப்பு மட்டும் மிஞ்சலாம், அது ஒன்றும் செய்யாது. குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வருவீர்கள் அல்லவா, அப்போதும் ரத்தமோ வலியோ இருந்தால் அன்றே உங்களையும் காட்டிவிடுங்கள். அப்போது ரப்பர் வளையம் போன்ற எளிய சிகிச்சைகளே பலருக்குப் போதும். அடுத்த கர்ப்பத்தில் மறுபடி வர வாய்ப்பு உண்டு. அதனால், இரும்பு மாத்திரை தொடங்கும் அன்றைக்கே காயையும் தண்ணீரையும் கூட்டிவிடுங்கள். முதல் பரிசோதனைக்கு வரும்போதே போன முறை மூலம் இருந்தது என்று சொல்லிவிட்டால், அட்டையில் எழுதி வைத்துக்கொள்கிறோம்.